டோர்ட்முண்டில் முதல் செமஸ்டர்: இப்போதே வேலைக்குப் போகலாமா, பொறுக்கலாமா?

கரூர்க்காரன் | 8 நவம்பர் 2025

வணக்கம். டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மேனுஃபாக்சரிங் டெக்னாலஜி மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் வந்தேன். ஒரு விஷயத்தில் முடிவுக்கு வர முடியவில்லை, அதனால்தான் இந்த இழை. முதலில் நிலவரம்.

பிளாக்ட் அக்கவுன்டில் (மாணவர் விசாவுக்காக முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கிற கணக்கு) 11,904 யூரோ. நம்ம காசுக்குப் பன்னிரண்டு லட்சம், எல்லாம் வங்கிக் கடன். அதில் மாதம் 992 கைக்கு வரும். வாடகை 390, மருத்துவக் காப்பீடு 140க்கு மேல், போன், சாப்பாடு, அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு எடுத்து வைப்பது எல்லாம் போக மிஞ்சுவது 150 அல்லது 200. ஒரு நல்ல குளிர் ஜாக்கெட் வாங்கினால் அந்த மாதம் அதுவும் கிடையாது.

பக்கத்து அறையில் இருக்கும் ஆந்திரா பையன் பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் போகிறான். இரவு பத்து முதல் காலை ஆறு. வெள்ளி, சனி இரண்டு இரவு. "நீயும் வா, ஆள் எடுக்கிறார்கள், ஜெர்மன் தேவையில்லை" என்கிறான். அப்பாவுக்கு ஜவுளிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வட்டி இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவு.

படிப்புப் பக்கம் பார்த்தால், இங்கே இன்டர்னல் மார்க் என்று எதுவும் கைகொடுக்காது போலிருக்கிறது. பிப்ரவரியில் ஒரே தேர்வு, அதுதான் மொத்த மார்க்கும். வகுப்பு என்னவோ நன்றாகப் போகிறது. முதல் நாள் லெக்சர் முடிந்ததும் அத்தனை பேரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். புரொபசர் மேல் கோபம் போல என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது இவர்கள் ஊர்க் கைத்தட்டலாம்.

இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருப்பதால் வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். மொத்தத்தில் எங்கள் அப்பாதான் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறார்.

கேள்வி இதுதான்: முதல் செமஸ்டரிலேயே வேலைக்குப் போகலாமா? போனவர்கள், போகாதவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

---

மதுரை_மெக்கானிக்கல் | 8 நவம்பர்

போகாதே தம்பி. இரண்டாம் செமஸ்டர் வரைக்குமாவது பொறு.

நான் கெம்னிட்ஸில் படித்தேன். என்னோடு வந்தவர்களில் ஒருத்தன் முதல் மாதமே கிடங்கு வேலைக்குப் போனான். வெள்ளி சனி இரண்டு ராத்திரிதானே என்பான். ஞாயிறு முழுக்கத் தூங்குவான், திங்கள் காலை வகுப்புக்கு உடம்பு வரும், தலை வராது. அவன் சோம்பேறி இல்லை, எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படிக்கிற பையன். பிப்ரவரியில் நாலு பேப்பர் எழுதினான், ஒன்றுதான் தேறியது.

ஊரில் அரியர் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நினைப்பிலேயே வருகிறோம். இங்கே ஒரு தேர்வை எழுத பொதுவாக மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்து வெளியே, அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. அப்புறம் விசாவுக்கு என்ன பதில் சொல்வாய்? உன் பாட விதிமுறையை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டுமாவது இன்றைக்கே படித்துவிடு.

இன்னொன்று, வகுப்புக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு தேதி உண்டு. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாம் படித்துவிட்டு, பெயர் கொடுக்காததால் ஹால் வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

---

வட்டிக்கணக்கு | 9 நவம்பர்

மேலே உள்ள பதிவுக்கு ஒரு மாற்றுக் கருத்து. "படிப்பில் கவனம் வை" என்று சொல்வதற்கு ஒரு வசதி வேண்டும். அப்பா மாதாமாதம் அனுப்புகிறவன் தாராளமாகச் சொல்லலாம்.

கணக்கு போடுவோம். குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82, 2026 ஜனவரியிலிருந்து 13.90. வாரம் இரண்டு ஷிப்ட், பதினாறு மணி நேரம் என்றால் 205 யூரோ. மாதத்துக்கு 880 பக்கம். இரவுப்படி கிடைத்தால் அது தனி. ஓய்வூதியப் பிடித்தம் 9.3 சதவீதம் போகும். வருமான வரியாக ஏதாவது பிடித்தால் பயப்படாதே, ஆண்டு வருமானம் 12,096க்குள் (2025 வரம்பு) இருந்தால் அடுத்த வருடம் கணக்கு காட்டித் திரும்ப வாங்கலாம்.

சட்டப்படியும் தடையில்லை. 2024 மார்ச்சிலிருந்து நமக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நாலு மணி நேரம் வரைதான் அரை நாள் கணக்கு. வாரம் இரண்டு நாள் என்றால் 104 நாள், உள்ளேதான் இருக்கிறது.

நான் முதல் செமஸ்டரிலிருந்தே வேலை பார்த்தேன். தேர்வும் தேறினேன். மார்க் 2.7 வந்தது (அண்மையில் வந்தவர்களுக்கு: இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ்). 1.5 வாங்கியவனும் நானும் இப்போது ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் அவன் இன்னும் கடன் கட்டுகிறான்.

---

எஸ்சன்_அக்கா | 9 நவம்பர்

ரெண்டு பேரும் சொல்வது சரிதான், ரெண்டு பேரும் ஒரு பாதியைத்தான் சொல்கிறீர்கள்.

தம்பி, வேலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சில விஷயம் முடிந்ததா? அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, ஆயிற்றா? வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருக்கிறதா? லெட்டர்பாக்ஸில் உன் பெயர் ஒட்டியிருக்கிறாயா? சிரிக்காதே. இந்த ஊரில் எல்லாமே தபாலில்தான் வரும். ஏடிஎம் அட்டை ஒரு கவரில், ரகசிய எண் இன்னொரு கவரில், காப்பீட்டு அட்டை, வரி எண், ரெசிடென்ஸ் பெர்மிட் அப்பாயின்ட்மென்ட் எல்லாம். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார், கதவைத் தட்டிக் கேட்கமாட்டார். அதிலும் உன் கடிதம் அப்பா பெயரில் வருகிறது என்கிறாய், பெட்டியில் நீ உன் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் முடிந்தது கதை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டையும் எழுது.

அந்தத் தபாலோடு ஒருநாள் வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும். மாதம் 18.36. "என்னிடம் டிவியே இல்லை" என்று எல்லோரும் தூக்கிப் போடுகிறார்கள். டிவிக்கு இல்லை, வீட்டுக்குக் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், ஆகவே பகிர்ந்து இருக்கும் வீட்டில் யார் கட்டுகிறார் என்று கேட்டு அந்த எண்ணை எழுதி அனுப்பிவிடு. கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதத்தோடு வரும்.

வேலைக்கு வருகிறேன். கிடங்கு ஒன்றுதான் வழி என்று ஏன் முடிவு செய்தாய்? உன் துறையிலேயே ஹிவி வேலை, அதாவது பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவியாளர் வேலை, இருக்கும். லேபில் மாதிரிகளைத் தயார் செய்வது, அளவெடுப்பது, ஜூனியர்களுக்கு டுடோரியல் எடுப்பது. வாரம் எட்டு மணி, பத்து மணி நேரம். சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் பல்கலைக்கழக வேலை அந்த 140 நாள் கணக்கில் சேராது. தீசிஸ் தேடும்போது புரொபசருக்கு உன் முகம் தெரிந்திருக்கும். இன்ஸ்டிடியூட் கதவுகளுக்குப் பக்கத்தில் பலகை இருக்கும், அதில் தாள் ஒட்டுவார்கள். மெயில் போட்டுவிட்டு உட்காராதே, நேரில் போய்க் கேள்.

கூடவே பல்கலைக்கழகமே நடத்துகிற ஜெர்மன் வகுப்பில் சேர். ஆங்கிலத்தில் படித்து முடித்துவிட்டு பி1 (ஜெர்மன் மொழியில் நடுத்தர நிலை) கூட இல்லாமல் வேலை தேடுகிற பிள்ளைகளை மாதாமாதம் பார்க்கிறேன். பாவமாக இருக்கிறது.

---

கரூர்க்காரன் | 9 நவம்பர்

அக்கா, பெட்டியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. இப்போதுதான் ஓடிப்போய் அப்பா பெயரையும் சேர்த்து ஒட்டிவிட்டு வந்தேன். ரகசிய எண் கவர் வரவேயில்லை என்று பத்து நாளாக வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முகவரிப் பதிவு ஆயிற்று. அதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரரோடு பட்ட பாடு தனிக்கதை. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்றார். படம் எல்லாம் அவ்வளவு அழகு. கூட இருந்த சீனியர் அந்தப் படத்தை கூகுளில் தேடிப் பார்த்தார், அதே சமையலறை நாலு ஊரில் வாடகைக்கு இருந்தது.

வட்டிக்கணக்கு அண்ணா சொன்ன அந்த முதல் வரி நெஞ்சில் தைத்தது. எனக்கும் அதேதான் தோன்றுகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் வேலைக்குப் போக ஆசைப்படுவதில் காசு பாதிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் இந்த அறையில் உட்காரப் பிடிக்கவில்லை. நாலே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது. அந்நேரம் ஊரில் ஒன்பதே கால், அம்மா பேசிவிட்டுப் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. கிடங்குக்குப் போனால் பேச நாலு பேராவது இருப்பார்களே என்றுதான்.

---

மதுரை_மெக்கானிக்கல் | 9 நவம்பர்

கிடங்கில் யாரும் பேசமாட்டார்கள் தம்பி. பெல்ட் ஓடும்.

---

கோப்பை_கழுவினவன் | 10 நவம்பர்

தம்பி, நான் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறன். யாழ்ப்பாணம். 85இல் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, எஸ்-பான் (நகர ரயில்) பிடிச்சு மேற்கே வந்த ஆக்களில் நானும் ஒருத்தன். வந்த புதிதில் வேலை செய்யச் சட்டம் விடவில்லை. பிறகு விட்டது, ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவினேன். என்னுடைய பெயரைப் பார்த்தால் விளங்கும்.

நாங்கள் வந்தது வேறு காரணத்துக்கு, நீங்கள் வந்தது வேறு காரணத்துக்கு. அதனால் எங்களைப் போலக் கஷ்டப்படு என்று சொல்ல மாட்டன். ஒரு விஷயம் மட்டும் சொல்லுறன். அந்தக் குசினியில் கழுவுறவன், வெட்டுறவன், பொரிக்கிறவன் எல்லாரும் நம்ம ஆக்கள்தான். நல்ல சந்தோஷமாக இருந்தம். ஆனால் கிட்டத்தட்டப் பத்து வருசம் டாய்ச் (ஜெர்மன்) வாயில் வரவில்லை. டொக்டரிட்டப் போக, பள்ளிக்கூடத்தில் மகளின் டீச்சரோட கதைக்க எல்லாத்துக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. இப்ப என்னுடைய பேரப்பிள்ளை என்னைத் திருத்துறான்.

இரவு வேலையில் காசு வரும். மொழி வராது. பகலில், ஆக்கள் கதைக்கிற இடத்தில் வேலை தேடுங்கோ. பேக்கரி, கன்டீன், வயோதிபர் இல்லம் எதுவென்றாலும் பரவாயில்லை. சம்பளம் அதேதான்.

தனிமை எண்டு எழுதியிருந்தீர்கள். உங்களிட்ட செமஸ்டர் டிக்கெட் இருக்குதுதானே, அது ஜெர்மனி முழுக்க ரீஜனல் ரயிலில் செல்லும். வெள்ளிக்கிழமை ஹம் நகரத்துக்குப் போங்கோ, டோர்ட்முண்டில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம் கூட இல்லை. அங்கேயிருந்து பஸ் எடுத்தால் ஊன்ட்ரோப்பில் காமாட்சி அம்மன் கோயில். சுற்றிவர பெக்டரிகள், நடுவில் கோபுரம். 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. தேர்த் திருவிழா கோடையில், அப்ப ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும், ஆயிரக்கணக்கில். சாமி நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் நாலு வார்த்தை கதைக்கலாம். மரக்கறிச் சாப்பாடும் கிடைக்கும்.

---

வட்டிக்கணக்கு | 10 நவம்பர்

ஐயா சொன்னதை மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல்: பேக்கரியில் நிற்க ஜெர்மன் வேண்டும், ஜெர்மன் வர பேக்கரி வேண்டும். இப்போது ஏ1 (ஆரம்ப நிலை) கூட முடிக்காத பையனை எந்தப் பேக்கரியில் எடுப்பார்கள்? ஞாயிறு காலை வரிசையில் நிற்கும் பாட்டிமார் கேட்கிற ரொட்டிப் பெயரே முப்பது இருக்கும்.

---

எஸ்சன்_அக்கா | 10 நவம்பர்

முன்னால் நிற்க வேண்டாமே. மென்சாவில் (பல்கலைக்கழக உணவகம்) தட்டு எடுக்கிற வேலை, கேட்டரிங் கம்பெனிக்கு விழா நாளில் மேசை போடுகிற வேலை. டோர்ட்முண்ட் கால்பந்து ஸ்டேடியத்தில் 81,365 பேர் உட்காருகிற, நிற்கிற இடம் இருக்கிறது. மேட்ச் நாளில் பீர் ஊற்றவும் கோப்பை பொறுக்கவும் எத்தனை கை வேண்டும் என்று யோசித்துப் பார். மாதம் 556க்குள் (2025 வரம்பு) சம்பளம் வரும் சின்ன வேலை, மினிஜாப் என்றால் பிடித்தமும் பெரிதாக இருக்காது. சத்தத்தில் கேட்டுக் கேட்டே ஜெர்மன் வந்துவிடும், கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு.

---

மதுரை_மெக்கானிக்கல் | 10 நவம்பர்

மேட்ச் நாள் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ரயிலில் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை யோசித்துக்கொள். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை, பாட்டு, கையில் பாட்டில். ஆனால் இறங்கும்போது காலியானதை எல்லாம் நடைமேடையில் விட்டுவிட்டுப் போவார்கள். கேனுக்கும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். வந்த புதிதில் என் மனக்கணக்கு அங்கேயே ஓட ஆரம்பித்துவிடும். எடுக்கவில்லை, கௌரவம். அதை எடுத்து வாழ்கிற வயதானவர்கள் இங்கே உண்டு, அதைப் பார்த்தபோதுதான் இந்த நாட்டைப் பற்றி ஊரில் சொல்லி வைத்த கதை கொஞ்சம் இறங்கியது.

வட்டிக்கணக்கு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தேறினீர்கள், சரி. உங்களோடு அந்த ஷிப்டுக்கு வந்த மற்றவர்கள்?

---

வட்டிக்கணக்கு | 11 நவம்பர்

நியாயமான கேள்வி. எங்கள் ஷிப்டில் நாலு மாணவர்கள். இரண்டு பேர் முடித்தோம். ஒருத்தன் படிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே முழுநேரம் ஆகலாம் என்று பார்த்தான், மாணவர் விசாவில் அது நடக்காது என்று தெரிந்ததும் ஊருக்குப் போய்விட்டான். இன்னொருத்தன் இன்னும் தீசிஸ் எழுதுகிறான்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வேலைக்கே போகாமல் அறையிலேயே இருந்து, டிசம்பரில் யாரிடமும் பேசாமல், தேர்வுக்கே வராத பையன்களையும் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் மட்டும்தான் ஆளைக் கவிழ்க்கும் என்றில்லை. எனக்கு அந்த வேலை காசோடு ஒரு ஒழுங்கையும் கொடுத்தது. வெள்ளி இரவு போக ஓர் இடம் இருந்தது. கரூர்த் தம்பி எழுதியதைப் படித்தபோது அதுதான் பட்டது.

---

மதுரை_மெக்கானிக்கல் | 11 நவம்பர்

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போக ஓர் இடம் வேண்டும் என்றால் அதற்கு இரவு பத்து மணிக் கிடங்குதான் வேண்டுமா?

---

கரூர்க்காரன் | 23 நவம்பர்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளி இரவு அந்தக் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். பெல்ட் ஓடும் என்று மதுரை அண்ணா சொன்னது அப்படியே உண்மை. லாரிக்குள் நின்று பெட்டிகளை அடுக்க வேண்டும். முப்பது கிலோ வரை வரும். நாய்த் தீனி மூட்டைதான் அதிகம், இந்த ஊர் நாய்கள் இவ்வளவு சாப்பிடும் என்று எனக்குத் தெரியாது. ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வெளியே வந்தால் இன்னும் இருட்டு. உடம்பு வலியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சனி முழுக்கத் தூங்கி எழுந்து பார்த்தால் மறுபடி சாயங்காலம் நாலரை, மறுபடி இருட்டு. அந்த வாரம் வெயிலையே பார்க்கவில்லை. இது எனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிட்டேன். ஆந்திரா பையன் தொடர்ந்து போகிறான், அவனுக்கு ஒத்துவருகிறது.

அக்கா சொன்னபடி இன்ஸ்டிடியூட் பலகைகளைப் போய்ப் பார்த்தேன். வடக்கு வளாகத்துக்கும் தெற்கு வளாகத்துக்கும் நடுவில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ஓட்டுநர் இல்லாத ரயில் ஒன்று இருக்கிறது, ஹெச்-பான். 1984லிருந்து ஓடுகிறதாம். அதில் அங்கும் இங்கும் போய் ஒவ்வொரு கதவாகக் கேட்டேன். இரண்டு இடத்தில் ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஒரு இடத்தில் "ஏப்ரலில் வா, மெட்டீரியல் டெஸ்டிங் பாடத்தில் என்ன மார்க் என்று காட்டு" என்றார்கள். அதனால் அந்தப் பாடத்தை இப்போது வேறு வேகத்தில் படிக்கிறேன்.

நடுவில் கிடைத்தது இது: ஒரு கேட்டரிங் சமையலறை, சனிக்கிழமை பகல் மட்டும், ஆறு மணி நேரம். வெங்காயம், உருளைக்கிழங்கு, பாத்திரம். பெரியவர் சொன்ன கோப்பை கழுவுகிற வேலையேதான். ஆனால் கூட இருப்பவர்கள் ஒரு துருக்கி அம்மா, ஒரு போலந்துக்காரர், இரண்டு ஜெர்மன் மாணவிகள். பொது மொழி ஜெர்மன் மட்டும்தான், வேறு வழியே இல்லை. அந்தத் துருக்கி அம்மா நான் தப்பாகச் சொன்னால் கரண்டியை மேசையில் தட்டிவிட்டு மறுபடி சொல்லச் சொல்வார். மாதம் முந்நூறு யூரோ பக்கம் வரும். வட்டிக்கு அது போதும். அப்பாவிடம் சொன்னேன், "சமையலா?" என்று மட்டும் கேட்டார், அம்மா பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

தேர்வுப் பதிவுக் கெடுவைப் போனில் குறித்துவைத்துவிட்டேன். ஐந்து பாடத்துக்குப் பதில் மூன்றுதான் இந்த முறை எழுதப்போகிறேன். ஹம் கோயிலுக்கு அடுத்த வெள்ளி.

---

கோப்பை_கழுவினவன் | 23 நவம்பர்

வெள்ளிக்கிழமை நானும் வாறன். பஸ் நேரம் கொஞ்சம் வில்லங்கம், ஸ்டேசனில் நில்லுங்கோ, காரில் ஏத்துறன். தனிமடலில் எழுதுங்கோ.

---

வட்டிக்கணக்கு | 23 நவம்பர்

மூன்று பாடம் என்றால் ஒரு செமஸ்டர் நீளலாம், அதற்கும் பிளாக்ட் அக்கவுன்டில் காசு காட்ட வேண்டும். அந்தக் கணக்கையும் இப்போதே போட்டுக்கொள். மற்றபடி நல்ல முடிவு.

---

ஏப்ரல்_வருகை | 24 நவம்பர்

இழை முழுவதும் படித்தேன், ரொம்ப உபயோகம். கோடை செமஸ்டருக்கு டோர்ட்முண்டுக்கே விண்ணப்பித்திருக்கிறேன். சின்னக் கேள்வி: குக்கர், மிக்ஸி இரண்டும் கொண்டு வரவா? 23 கிலோவில் எதை விடுவது?

---

எஸ்சன்_அக்கா | 24 நவம்பர்

குக்கர் கட்டாயம், மூன்று லிட்டர். அடியில் காந்தம் ஒட்டுகிறதா பார்த்து வாங்கு, சில வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. கேஸ்கெட் இரண்டு உபரி. மிக்ஸியும் கொண்டு வரலாம், ஆனால் இரவு பத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் போடாதே, கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார். அரிசி, பருப்பு, புளி எதையும் சுமக்காதே, எல்லாம் இங்கே தமிழ்க் கடையில் கிடைக்கும். அந்த எடைக்கு ஒரு நல்ல போர்வை வை.